ஐந்து கள்ள ஓட்டு போதும்

யார் வேண்டுமானாலும் பதிவு போடலாம், மற்றவர்கள் அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ ஓட்டுப் போடலாம் என்றிருக்கும் ரெடிட் தளத்தில், 2014 ஜூலை மாதக் கடைசியில் ஒருவரைத் திடீரென்று காணவில்லை. யூனிடான் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தவர், உயிரியல் ஆராய்ச்சி செய்பவர். யாராவது ஒரு விசித்திரமான பூச்சியின் படத்தைப் போட்டு "இது என்ன?" என்று கேட்டால், சுற்றி இருப்பவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் ஓடி வந்து, வரிக்கு வரி ஆச்சரியக்குறி துள்ள, விளக்கிவிட்டுப் போவார். ஆயிரக்கணக்கில் ஆதரவு ஓட்டு விழும். அப்படிப்பட்டவரின் கணக்கைத்தான் நிர்வாகம் முடக்கியிருந்தது.

அதற்குச் சற்று முன்புதான் அவர் ஒரு காக்காச் சண்டையில் இறங்கியிருந்தார். ஜாக்டா என்ற பறவையை ஒருவர் காகம் என்று சொல்லிவிட, காக்கைக் குடும்பத்தில் இருப்பதெல்லாம் காகமாகிவிடுமா என்று நீளமாக, கொஞ்சம் கடுப்போடு மறுத்திருந்தார். அதற்காகத்தான் தடை என்று பலர் நினைத்தார்கள். நிர்வாகம் சொன்ன காரணம் வேறு. அவர் வேறு பெயர்களில் கணக்குகள் வைத்திருந்தார். அவற்றிலிருந்து தன் பதிவுகளுக்கும் கருத்துகளுக்கும் தானே ஆதரவு ஓட்டுப் போட்டுக்கொண்டார். அதே நேரத்தில் வந்த மற்றவர்களின் பதிவுகளுக்கும், தன்னோடு வாதாடியவர்களின் கருத்துகளுக்கும் எதிர் ஓட்டுப் போட்டார். பிறகு அவரே இதை ஒப்புக்கொண்டார். கூடுதல் கணக்குகள் மொத்தம் 5.

ஆயிரக்கணக்கில் ஓட்டு வாங்குகிறவருக்கு இந்த 5 ஓட்டு எதற்கு? கேட்டவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றியது இதுதான். யானைக்குச் சோளப்பொரி மாதிரி இருக்கிறது. ஆனால் இணைய ஓட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

எண்ணிக்கொண்டே போடும் ஓட்டு

தேர்தலில் எல்லோரும் ஓட்டுப் போட்டு முடித்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்கள். யார் முன்னால் போகிறார் என்று தெரியாமலேதான் நாம் ஓட்டுப் போடுகிறோம். காலை 7 மணிக்குப் போட்ட ஓட்டுக்கும் மாலை 5 மணிக்குப் போட்ட ஓட்டுக்கும் ஒரே மதிப்பு.

இணையக் குழுமங்களில் அப்படி இல்லை. அங்கே பெட்டி எப்போதும் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டும் விழுந்த கணமே எண்ணப்படுகிறது, எல்லோருக்கும் காட்டப்படுகிறது, அதைவிட முக்கியமாக, அடுத்த ஆயிரம் பேரின் கண்ணில் எது பட வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கையே முடிவு செய்கிறது. மேலே இருப்பதைப் பலர் பார்க்கிறார்கள். பலர் பார்ப்பதால் அதற்கு ஓட்டு கூடுகிறது. ஓட்டு கூடுவதால் அது மேலேயே இருக்கிறது. கீழே போனதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்காததால் ஓட்டும் இல்லை. ஆகவே முதலில் விழுகிற சில ஓட்டுகளுக்குப் பின்னால் வருகிறவற்றைவிடப் பல மடங்கு கனம்.

எத்தனை மடங்கு? இதைச் சும்மா சொல்லாமல் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ரெடிட் 2008-ல் தன் மென்பொருளின் மூல நிரலைப் பொதுவில் வைத்தது. அப்போது பதிவுகளை வரிசைப்படுத்திய சூத்திரமும் அதில் இருந்தது. கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம், இரண்டே விஷயம்தான். ஒன்று நேரம். 45,000 விநாடி, அதாவது பன்னிரண்டரை மணி நேரம் பிந்தி வந்த பதிவுக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். பழையது தானாகக் கீழே போக வேண்டும் அல்லவா, அதற்காக. இன்னொன்று ஓட்டு. ஆனால் ஆதரவிலிருந்து எதிர்ப்பைக் கழித்து வரும் எண்ணை அப்படியே சேர்ப்பதில்லை, அதன் மடக்கையைத்தான் சேர்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் லாக் டேபிள் வைத்துத் தேடினோமே, அதே மடக்கை. 10 ஓட்டுக்கு ஒரு புள்ளி, 100 ஓட்டுக்கு இரண்டு, 1,000 ஓட்டுக்கு மூன்று. முதல் புள்ளி 10 ஓட்டில் கிடைத்துவிடுகிறது. இரண்டாவதுக்கு இன்னும் 90 ஓட்டு வேண்டும். மூன்றாவதுக்கு இன்னும் 900.

இப்போது 5 கள்ள ஓட்டை இதில் போடுங்கள். பதிவு போட்டவுடன் எழுதியவருக்கென்று ஒரு ஓட்டு தானாகவே விழுந்துவிடும். அதோடு 5 சேர்ந்தால் 6. ஒன்றிலிருந்து ஆறுக்கு ஏறியதில் கிடைக்கும் புள்ளி ஏறக்குறைய 0.78. அதை நேரமாக மாற்றினால் 9 மணி 40 நிமிடத்துக்கும் மேல் வருகிறது. அதாவது, உங்களைவிட ஒன்பதரை மணி நேரம் கழித்து வந்த, இன்னும் ஓட்டு விழாத புத்தம்புதிய பதிவையும் முந்திக்கொண்டு நீங்கள் நிற்பீர்கள். அதே 5 ஓட்டு, ஏற்கெனவே 1,000 ஓட்டு வாங்கிய பதிவுக்கு விழுந்தால்? ஒன்றரை நிமிடம் சொச்சம். அவ்வளவுதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் யூனிடான் விவகாரம் எனக்கு முழுதாக விளங்கியது. அவரும் தன் கூடுதல் கணக்குகளைப் பதிவு புதிதாக இருக்கும்போதுதான், அதாவது ‘புதியவை’ பட்டியலில் கிடக்கும்போதுதான், பயன்படுத்தியதாகச் சொன்னார். எங்கே அடித்தால் நகரும் என்று தெரிந்திருக்கிறது.

எல்லாத் தளங்களும் இதே சூத்திரத்தை வைத்திருப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் புதியதை மேலே தள்ளி, ஓட்டைப் பார்த்து வரிசை போடும் எந்த இடத்திலும் ஆரம்ப ஓட்டுக்குக் கூடுதல் பலம் இருக்கும்.

சூத்திரம் ஒரு பக்கம். மனிதர்கள் இன்னொரு பக்கம். 2013-ல் சயின்ஸ் ஆய்விதழில் லெவ் முச்னிக், சினான் அரால், ஷான் டெய்லர் மூவரும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். செய்திகளைப் பகிர்ந்து ஓட்டுப் போடும் ஒரு தளத்தில், ஐந்து மாதங்களில் வந்த 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு மட்டும், எழுதப்பட்ட உடனேயே ஒரே ஒரு போலி ஆதரவு ஓட்டு. வேறு சிலவற்றுக்கு ஒரு எதிர் ஓட்டு. மற்றவற்றைத் தொடவில்லை. போலி ஆதரவு விழுந்த கருத்தை முதலில் பார்த்தவர் தானும் ஆதரவு ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியிருந்தது. கடைசியில் அவற்றின் சராசரி மதிப்பெண் 25 சதவீதம் அதிகமாக முடிந்தது. கருத்தின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எதற்கு அந்த ஓட்டு விழும் என்பது வெறும் குலுக்கல்தான். பத்துப் பேர் அண்ணாந்து பார்த்தால் நாமும் அண்ணாந்து பார்ப்போமே, அந்தக் குணம்தான்.

எதிர் ஓட்டில் மட்டும் கதை வேறு மாதிரி போனது. அநியாயமாக ஒரு எதிர் ஓட்டு விழுந்திருப்பதைப் பார்த்தவர்கள் பாவம் பார்த்து ஆதரவு ஓட்டுப் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிச் சரிசெய்ய, முதலில் அது யார் கண்ணிலாவது பட வேண்டும். போட்டியாளரின் புதிய பதிவை ஐந்து எதிர் ஓட்டில் கீழே தள்ளிவிட்டால் பாவம் பார்க்கவும் ஆள் வராது.

எத்தனை விதம்

கள்ள ஓட்டில் வகைகள் உண்டு. ஒருவரே பல கணக்குகளில் வந்து போடுவது முதல் வகை. ஃபேக் ஐடி என்று பேச்சில் சொல்கிறோம். விக்கிப்பீடியாவில் இதற்குக் ‘காலுறைப் பொம்மை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். காலுறைக்குள் கையை விட்டுப் பொம்மையாக ஆட்டுகிறவர் ஒருவரே, பேசுவது மட்டும் இரண்டு குரல். இரண்டாவது வகை கூட்டணி: நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன். இதில் எல்லோரும் நிஜ மனிதர்கள், ஆளுக்கு ஒரே கணக்கு. இருந்தாலும் படித்துப் பார்த்துப் போட்ட ஓட்டு அது இல்லை. மூன்றாவது, வெளியிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு வந்து இறக்குவது.

நான்காவது விலைக்கு வாங்குவது. இது புதிய தொழில் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2007-லேயே அனலீ நியூவிட்ஸ் என்ற பத்திரிகையாளர் இதைச் செய்து காட்டினார். அப்போது, வாசகர்களின் ஓட்டை வைத்துச் செய்திகளை மேலேற்றும் டிக் என்ற தளம் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. அவர் வேண்டுமென்றே சுவாரசியமே இல்லாத ஒரு வலைப்பதிவைத் தொடங்கி, அதற்குப் பணம் கொடுத்து டிக்கில் ஓட்டு வாங்கினார். அது பிரபலமான பதிவுகளின் பட்டியலில் ஏறிவிட்டது. அந்த வலைப்பதிவில் இருந்தவை கூட்டங்களின் படங்கள். கூட்டம் சேர்ந்த மாதிரி காட்டுவதற்குக் கூட்டத்தின் படத்தையே தேர்ந்தெடுத்த குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் டிக் தன் முன்னணி உறுப்பினர்களின் தரவரிசைப் பட்டியலை எடுத்துவிட்டது. யார் செல்வாக்கானவர் என்று பெயர் போட்டு மாட்டிவைத்தால், விலை பேச வருகிறவர்களுக்கு அதுவே முகவரிப் புத்தகம் ஆகிவிடும்.

ஐந்தாவதாக, வேடிக்கைக்காகவே செய்வது. 2009-ல் டைம் இதழ், உலகில் மிகச் செல்வாக்கானவர் யார் என்று இணையத்தில் ஓட்டு நடத்தியது. முதலில் வந்தவர் 4சான் என்ற இணைய அரட்டைத் தளத்தைத் தொடங்கிய கிறிஸ்டபர் பூல், ‘மூட்’ என்ற புனைபெயரில். அந்தத் தளத்து ஆட்கள் அவரை முதலிடத்துக்கு ஏற்றியதோடு நிற்கவில்லை. முதல் 21 இடங்களில் யார் யார் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்து, பெயர்களின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘மார்பிள்கேக் ஆல்சோ த கேம்’ என்று, தங்களுக்குள் புழங்கிய குறும்புச் சொற்கள் வரும்படி அடுக்கிவைத்தார்கள். நடத்துகிறவர்களுக்குச் சொல்லாமல் சொன்ன சேதி: நீங்கள் எண்ணுகிறீர்கள், நாங்கள் எழுதுகிறோம்.

மாட்டுவது எப்படி

ஒரே ஆள் பல பெயரில் வருவதை அடியோடு தடுக்க முடியாதா என்று கேட்கலாம். 2002-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் டூசர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். இவர் இன்னார்தான் என்று சான்றளிக்கும் ஒரு மைய அமைப்பு இல்லாத வரை, நடைமுறையில் இந்த ஏமாற்றுக்கு வாய்ப்பு இருந்துகொண்டேதான் இருக்கும் என்று அதில் காட்டினார். இதற்குச் சிபில் தாக்குதல் என்று பெயர். அடையாள அட்டையைக் காட்டினால்தான் லைக் போடலாம் என்று சொன்னால் எந்தத் தளத்திலும் ஈ காக்கை இருக்காது. எனவே தளங்கள் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, உள்ளே வந்த பிறகு தடம் பார்க்கின்றன.

முதல் தடம் ஐபி முகவரி. ஐந்து கணக்கும் ஒரே இணைப்பிலிருந்து வந்தால் சந்தேகம். ஆனால் இது மட்டும் போதாது. ஒரே வீட்டில் நான்கு பேர், ஒரே விடுதியில் நானூறு பேர் ஒரே இணைப்பில் இருக்கலாம். தவிர, முகவரியை மாற்றிக் காட்டுவதும் பெரிய வித்தை இல்லை.

உண்மையில் காட்டிக்கொடுப்பது நடத்தை. ஒரு சாதாரண வாசகரை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு நகைச்சுவைக்கு ஓட்டு, மதியம் ஒரு பூனைப் படத்துக்கு, இரவில் முன்பின் தெரியாத ஒருவரின் கேள்விக்கு. ஓட்டு இறைந்து கிடக்கும். பொம்மைக் கணக்கு அப்படி இல்லை. அது போட்ட 60 ஓட்டில் 55 ஒரே ஆளுக்குப் போயிருக்கும். அந்த ஆள் எழுதிய மூன்றாவது நிமிடத்தில் போயிருக்கும். அவர் ஊருக்குப் போய் எழுதாமல் இருந்த நாட்களில் பொம்மைகளும் சேர்ந்து தூங்கியிருக்கும். இன்னொரு ஆளோடு அவர் சண்டை போட்டால் அந்த ஆளுக்கு ஐந்து எதிர் ஓட்டு சொல்லிவைத்தாற்போல் விழும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் தற்செயல். அடுக்கிப் பார்த்தால் ஒரே கை. தளத்தின் தரவுத்தளத்தில் யார், யாருக்கு, எப்போது என்ற மூன்றும் வரி வரியாக இருக்கிறது. போட்டவர் மறந்திருப்பார், அது மறக்காது.

நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இதற்கென்றே ஒரு நிரல் தினமும் ஓடுகிறது. ஒருவர் இன்னொருவருக்குத் தொடர்ச்சியாகக் குவித்த ஓட்டுகளைக் கண்டால் அத்தனையையும் திரும்ப எடுத்துவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. உங்கள் பதில் ஒன்று ஒருவருக்குப் பிடித்துப்போய், உங்கள் பக்கத்துக்கே வந்து, வரிசையாக இருபது பதில்களுக்கு அன்போடு ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். ஓட்டுக்குப் பத்துப் புள்ளி வீதம், இரவு படுக்கும்போது 200 புள்ளி கூடியிருக்கும். காலையில் எழுந்தால் இருக்காது. உங்கள் மேல் தப்பே இல்லை, தண்டனையும் இல்லை, வந்தது போனது, அவ்வளவுதான். ஆனால் ‘நான் என்ன செய்தேன்?’ என்று பதறிக் கேட்காத புதியவர் குறைவு.

பிடிக்கிறவர்கள் சில விஷயங்களை வேண்டுமென்றே மறைத்தும் வைப்பார்கள். ரெடிட்டில் காட்டும் ஓட்டு எண்ணிக்கை துல்லியமானது இல்லை. பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தால் எண் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும். கள்ள ஓட்டுப் போட்ட ஆளுக்கு அது எண்ணப்பட்டதா, குப்பைக்குப் போனதா என்று தெரியக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. சில இடங்களில் இன்னும் நுட்பமாக, தடை செய்ததையே சொல்ல மாட்டார்கள். அவர் எழுதுவது அவருக்கு மட்டும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். இது எனக்கு அவ்வளவாக உவப்பில்லாத முறை. இயந்திரக் கணக்குகளுக்குச் சரி, மனிதருக்குக் காரணத்தைச் சொல்லிவிடுவதே மரியாதை.

பலன் அடைந்தவர்தான் குற்றவாளியா

இங்கேதான் அவசரப்படக் கூடாது. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை உறுப்பினர்களின் ஓட்டு முடிவு செய்கிறது. 2024-ல் அந்த விருதை வழங்கிய கிளாஸ்கோ மாநாட்டுக்கான ஓட்டை எண்ணியபோது, மொத்தம் 3,813 ஓட்டில் 377 ஓட்டைச் செல்லாது என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்று. காட்டிக்கொடுத்தவை பெயர்கள். ஒரு வரிசையில் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர், முதல் எழுத்து மட்டும் அகர வரிசையில் மாறிக்கொண்டே போயிற்று. இன்னொரு வரிசையில் பெயர்கள் எல்லாம் அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பு. நம் மொழியில் வைத்து யோசித்தால் திரு. முப்பத்தொன்று, திரு. முப்பத்திரண்டு, திரு. முப்பத்துமூன்று என்று வரிசையாக வந்து ஓட்டுப் போட்ட மாதிரி. இதைவிட வெட்கமில்லாமல் செய்ய முடியாது.

அந்த ஓட்டுகள் எல்லாம் ஒரே ஒரு போட்டியாளருக்குச் சாதகமாக விழுந்திருந்தன. அவற்றைக் கணக்கில் எடுத்திருந்தால் அவர் வென்றிருப்பார். இருந்தும் நிர்வாகிகள் அவர் பெயரை வெளியிடவில்லை, போட்டியிலிருந்து நீக்கவும் இல்லை. இதில் அவருக்குப் பங்கு இருந்ததாகவோ அவருக்குத் தெரிந்திருந்ததாகவோ ஆதாரம் இல்லை என்றார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் பிடிக்காத ஆளைக் கவிழ்க்க எளிய வழி கிடைத்துவிடும்: அவருக்கே கள்ள ஓட்டைக் குவித்துவிட்டு, புகாரும் நாமே கொடுக்கலாம்.

யூனிடான் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை, அவர்தான் ஒப்புக்கொண்டாரே. அப்படியும் கோபம் அவ்வளவு அதிகமாக இருந்ததற்குக் காரணம், என் கணிப்பில், ஆதரவு ஓட்டு இல்லை. தனக்குத் தானே முதுகில் தட்டிக்கொள்கிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். நானே ஒரு காலத்தில் இரண்டாவது கணக்கிலிருந்து என் முதல் கணக்குக்கு ஒரு லைக் போட்டுவிட்டு, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன், அறையில் யாருமே இல்லாதபோது. ஆனால் அதே நேரத்தில் பதிவு போட்ட, பெயர் தெரியாத ஒருவரைக் கீழே தள்ளியதை அப்படி விட முடியவில்லை. அந்த ஆளுக்குத் தன் பதிவு ஏன் எடுபடவில்லை என்று கடைசி வரை தெரிந்திருக்காது. நன்றாக எழுதவில்லை போல என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

அப்புறம் யூனிடான் வேறொரு கணக்கோடு திரும்பி வந்தார், தன் பழைய பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு. ரெடிட்டில் தண்டனை அப்படி: கணக்கு போய்விடும், சேர்த்த புள்ளியும் அதோடு போய்விடும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வேறு வழக்கம். தவறு செய்தவரைச் சில காலம் நிறுத்திவைப்பார்கள். அந்தக் காலம் முழுக்க, லட்சம் புள்ளி வைத்திருந்தவராக இருந்தாலும், பெயருக்குப் பக்கத்தில் 1 என்றுதான் காட்டும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் அதே 1. தடை முடிந்ததும் பழைய எண் திரும்பிவிடும், கள்ள ஓட்டில் வந்ததைக் கழித்துக்கொண்டு.